கிணற்றடிப் பம்பு

சமையலறைக் குழாய் சில நாட்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பருக்குப் போன் செய்தால் "இதோ வரேம்மா" என்பார். அந்த "இதோ" எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. கடைசியில் நானே ஸ்பானரைத் தேடி எடுத்து, மெயின் வால்வை மூடி, குழாயின் தலையைத் திருகிக் கழற்றினேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று மருமகள் கடிந்துகொண்டாள். தேய்ந்துபோன வாஷர் உள்ளேயிருந்து கையில் விழுந்தது. கறுப்பு ரப்பர், சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். அதை எறிய மனம் வராமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்பானரைப் பிடிக்கக் கற்றது அப்பாவைப் பார்த்து. ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தவர் அப்பா இல்லை, என் அண்ணாவின் மனைவி. நான் மன்னி என்று கூப்பிட்டவள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மன்னியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அப்பா திருச்சியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எது கெட்டாலும் அவரே சரி செய்வார். ஃப்யூஸ் போனாலும் அவர்தான், தையல் மிஷின் நூலை அறுத்தாலும் அவர்தான், ரேடியோ கரகரத்தாலும் அவர்தான். "கைன்னு ரெண்டு இருக்கச்சே ஆள் எதுக்கு?" என்பார். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் மடி. குளித்து, மடியாக உலர்த்திய துணியை உடுத்தி, யார் மேலும் படாமல் பெருமாள் காரியம் பார்க்கிற வீட்டில் வெளியாள் வாசல் நடையைத் தாண்டி வரக்கூடாது. கரண்ட் வந்தபோது ஆட்கள் வாசல் வரை கம்பி இழுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே முழுக்க அப்பாவின் கைவேலை. கூடத்து ஸ்விட்சைப் போட்டால் கொல்லை விளக்கு எரியும். "எரியறதா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். எரிந்தது, மறுக்க முடியாது.

எதிர்வீட்டு வக்கீல் மாமாவின் பழைய கார் ஒருமுறை காவேரிப் பாலத்தின் நடுவில் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. கூடப் போயிருந்த அப்பா தோளில் கிடந்த உத்தரீயத்தைக் கிழித்து, முறுக்கி, பெல்ட்போல இழுத்துக் கட்டி, காரை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தார். அன்றிலிருந்து வக்கீல் மாமா அவரை "இஞ்சினியர்" என்றுதான் கூப்பிடுவார். பிறகு வீதியே அப்படிக் கூப்பிட்டது. அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையை மறைக்கத் தெரியாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார்.

அண்ணாவுக்குக் கல்யாணமான மறு வருஷம் அம்மா காலமானாள். எங்கள் வழக்கத்தில் பெருமாளுக்குச் சமைக்க, அதாவது தளிகை பண்ண, ஆசாரியனிடம் தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கி, சமாச்ரயணம் ஆகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெண்களுக்கு அது கல்யாணத்துக்குப் பிறகுதான். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், தளிகைக்கான தீர்த்தத்தை மட்டும் தொடக்கூடாது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துக் குடம் குடமாக உள்ளே கொண்டுவருவது மன்னி ஒருத்தியின் வேலை. அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் சமாச்ரயணம் ஆகித்தானே இருந்தது, அவர்கள் இறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வந்ததில்லை. கயிறு பெண்கள் கைக்கு, பேப்பர் ஆண்கள் கைக்கு என்று யாரோ பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனதுபோல எல்லாரும் இருந்தோம்.

மன்னிக்குப் பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அந்தப் பிரசவத்தோடு அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கத் தொடங்கிவிட்டது. திருச்சியில் தெப்பக்குளம் பக்கத்தில் இருந்த லேடி டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "கிணத்துல தண்ணி இறைக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. தூக்கினீங்கன்னா முழுசா இறங்கிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்லை, சொல்லிட்டேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மெயின்கார்டு கேட் தாண்டிய பிறகு, "இதைப் போய் ஆத்துல எப்படிடி சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் அப்பாவிடம் சொன்னேன். கர்ப்பப்பை என்று சொல்ல எனக்கும் நாக்கு கூசியது. பாரம் தூக்கக்கூடாதாம், கிணறு கூடாதாம் என்றேன்.

அப்பா கல்மனசுக்காரர் இல்லை. மன்னியைத் தன் பெண்ணாகத்தான் நினைத்தார். மறுநாளே பாலக்கரைக்குப் போய் ஒரு அடிபம்பு வாங்கி, கைவண்டியில் ஏற்றி, வண்டிக்காரனோடு பாலம் முழுக்க வெயிலில் நடந்தே வந்தார். இரண்டு ஆறுக்கு நடுவில் இருக்கிற ஊரில் கிணற்றில் தண்ணீருக்கு என்ன குறை? குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, கிணற்றடியில் பம்பைப் பொருத்தி, கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் கொட்ட வேண்டியதுதான். பொருத்துவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைப் பிரித்தார். பிரிக்காமல் எதையும் விடமாட்டார். தண்டின் நுனியில், கிண்ணம்போல வளைந்த தோல் வாஷர் ஒன்று இருந்தது. மாட்டுத் தோல்.

அதை இடுக்கியால் பிடித்துக் கழற்றி, கொல்லைக் கோடியில் எறிந்துவிட்டு, தலைக்குக் குளித்தார். பம்பைப் புளி போட்டுத் தேய்த்து அலம்பினார். "தோல் பட்ட தீர்த்தத்தைப் பெருமாளுக்கு எப்படி சமர்ப்பிக்கிறது? ஒரு வாஷர்தானே, நான் பண்ணிடறேன்" என்றார். அன்று ஆரம்பித்தது. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார், அது மடங்கிக்கொண்டது. கித்தானை அடுக்கித் தைத்துப் போட்டார். அது ஊறிக் கிழிந்தது. கம்பளி மடிதானே என்று பழைய கம்பளியை வெட்டினார், அப்புறம் தன் பட்டு வேஷ்டியை வெட்டினார். எதுவும் இரும்புச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கவில்லை. தோல் ஊறினால் உப்பி எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்ளும். மற்றது எதுவும் அப்படிச் செய்யாது. பம்பு இழுக்கவேண்டுமானால் முதலில் அதன் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் குடத்தை மன்னி கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்தாள். பம்பு அதைக் குடித்துவிட்டு ஒரு சொம்பு திருப்பிக் கொடுக்கும். அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு குடம் கொண்டா பார்ப்போம்" என்பார். பாரம் தூக்கக்கூடாதவளுக்காகச் செய்த யந்திரத்துக்கு அவளே தண்ணீர் தூக்கினாள்.

ஒருநாள் மன்னி மெல்லக் கேட்டாள். "நீங்க ஜபம் பண்ற ஆசனம் மான்தோல்தானே அப்பா? அது மடிதானே?" அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "அது ஆசனத்துக்கு. தீர்த்தத்துக்கு இல்லை" என்றார். கோயிலில் பெருமாள் முன்னால் கொட்டுகிற மேளத்தில் இருப்பது என்னவாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கோபம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அந்த முகத்தில் இருந்தது பயம்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலேஜ் சீக்கிரம் விட்டு வந்தேன். அப்பா காலட்சேபம் கேட்கப் போயிருந்தார். கிணற்றடியில் மன்னி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பம்பின் தலை கழற்றித் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய், அதற்குள் அந்தத் தோல் வாஷர். கொல்லைக் கோடியிலிருந்து எடுத்து வந்து நன்றாக ஊறவைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பிறகு, "பாத்துட்டியோல்லியோ, வந்து இந்தத் தண்டைப் பிடி" என்றாள். பிடித்தேன். அப்பாவுக்கு அத்தனை தடவை குறடும் ஸ்பானரும் எடுத்துக் கொடுத்தவள், எந்த மரையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தயங்கவே இல்லை. மூடிவிட்டு ஒரு சொம்புதான் ஊற்றினாள். இரண்டு அழுத்து அழுத்தியதும் பம்பின் வாயிலிருந்து தண்ணீர் கை கனத்துக்குக் கொட்டியது. மன்னி சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

மறுநாள் காலையில் அப்பா பட்டு வாஷர்தான் ஒருவழியாக ஊறிப் படிந்துவிட்டது என்று முடிவு கட்டினார். "கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்" என்று வீதியில் எல்லாரிடமும் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மன்னி கயிற்றைத் தொடவில்லை. கிணற்றடியிலிருந்து உள் வரை அப்பா ஒரு தகரக் கால்வாய் போட்டுக் கொடுத்தார். குடமும் தூக்க வேண்டாம். வலி குறைந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். சாயங்காலம் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டாள். காலையில் அப்பா ஆராதனம் முடித்து, தீர்த்தம் வாங்க வரும் மன்னியைப் பார்த்து, "இப்போ தேவலையாம்மா?" என்று தினமும் கேட்பார்.

கெடுத்தது அவருடைய பெருமைதான். வக்கீல் மாமா வீட்டிலும் இதே மடி, இதே கிணறு. "ஓய் இஞ்சினியர், அந்தப் பட்டு வாஷரை எனக்கும் ஒண்ணு பண்ணித் தாருமேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். கூட வீதிப் பெரியவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். "பாத்துக்குங்கோ, அளவு எடுத்துக்குங்கோ" என்று அப்பா ஸ்பானரோடு உட்கார்ந்தார். மன்னி அடுக்களை வாசலில் நின்றாள். "இப்போ எதுக்குப்பா, நன்னா ஓடிண்டிருக்கு" என்று நான் தடுத்துப் பார்த்தேன். காதில் வாங்கினால்தானே! தண்டை வெளியே இழுத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

தண்டின் நுனியில் எண்ணெயில் பளபளத்துக்கொண்டிருந்தது அந்தத் தோல். வக்கீல் மாமா குனிந்தபடியே, "இது பட்டு மாதிரி தெரியலையே" என்றார். அப்பா தலையைத் தூக்கி அடுக்களை வாசலைப் பார்த்தார். மன்னி மறைக்கவில்லை. "நான்தான் போட்டேன் அப்பா" என்றாள். "நானும்தான் பிடிச்சேன்" என்றேன்; என் பக்கம் யாரும் திரும்பவில்லை. மன்னி இன்னும் ஒன்று சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "இத்தனை நாளும் பெருமாள் அமுது செஞ்சிண்டுதான் இருந்தார். ஒண்ணும் சொல்லலையே."

வீட்டுக்குள் நாங்கள் மட்டும் இருந்திருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கத்தியிருப்பார், ஒருவேளை சாப்பிடாமல் இருந்திருப்பார், பிறகு பார்க்காததுபோல இருந்திருப்பார் என்றே நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் வீதி அங்கே நின்றுகொண்டிருந்தது. மண்பானைகளை உடைத்தார்கள். வாத்தியார் வந்து மந்திரம் சொல்லி வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். அப்பா பம்பைத் தன் கையாலேயே பிடுங்கிக் கொல்லையில் போட்டார். அண்ணா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த நாள் விடிந்ததும் ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. படுக்கையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்குவதும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டரம்மாள் சொன்னதுபோலவேதான் ஆயிற்று. எனக்குக் கல்யாணமாகி, சமாச்ரயணமும் ஆகி, அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தகுதி வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். மன்னி சில வருஷங்களில் நடக்க முடியாமல் போனாள். ஆபரேஷன் செய்தார்கள், புண் ஆறவில்லை. கடைசியில் கூடத்தை ஒட்டிய அறையில் கட்டிலோடு கிடந்தாள். சமையலுக்கு ஒரு உறவுக்கார அம்மாளை வைத்தார்கள். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஸ்பானரைத் தொடவே இல்லை. ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியன் வந்தார், நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுக்களை வரை. அப்பா தடுக்கவில்லை. அப்புறம் வீட்டுக்கு முனிசிபாலிட்டிக் குழாய் வந்தது. அதற்குள்ளும் தோல் வாஷர்தான், வீதிக்கே தெரியும். ஓடுகிற ஜலத்துக்குத் தோஷமில்லை என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் அது திருப்தியாக இருந்தது. வக்கீல் மாமா வீட்டில் இரண்டு குழாய் வைத்துக்கொண்டார்கள்.

மன்னியைப் பார்க்க நான் வந்திருந்தபோது அந்தக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. நாள் முழுக்கச் சொட்டியது. கட்டிலில் கிடந்தவளுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. "யாரையாவது விட்டு அதை நிறுத்தச் சொல்லேண்டி" என்றாள். அடுத்த அறையில் இருந்த அப்பா எழுந்து வெளியே போவது தெரிந்தது. கடைக்குப் போய் வந்தார். பரணிலிருந்து ஸ்பானரை எடுத்தார். குழாயைக் கழற்றி, பழைய தோலை விரலால் நோண்டி எடுத்து, புதுத் தோலை வைத்து மூடினார். இடுக்கியைத் தேடவில்லை, பிறகு குளிக்கவும் இல்லை. மசி படிந்த கையோடு அப்படியே வந்து மன்னியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மன்னி அந்தக் கையைப் பார்த்தாள். "தோலா அப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நன்னாப் பொருந்தித்தா?"

"பொருந்தித்து" என்றார் அப்பா. மன்னி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த மாசமே போய்விட்டாள்.

புது வாஷரை வைத்து, குழாயின் தலையை இறுக்கி, மெயின் வால்வைத் திறந்தேன். சொட்டு நின்றுவிட்டது. "பரவாயில்லையே, நீங்களே சரி பண்ணிட்டீங்களே!" என்றாள் மருமகள். பழையது இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தது. என்ன அது என்று கேட்டாள். வாஷர் என்றேன். இவ்வளவு சின்னதா என்று சிரித்தாள். ஆமாம், இவ்வளவுதான் என்றேன். இவ்வளவுக்குத்தான் மன்னி போனாள் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டேன்.