கயிறில்லாமல் விற்ற படகு

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி வரும். ஓட்டுநர் ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தொட்டியில் குழாயைச் செருகிவிட்டு, கார் நிற்க வேண்டிய ஷெட்டில் நிற்கும் பாய்ப்படகைப் பார்ப்பார். "போட் இதெ, நீரே இல்வல்லா சார்" என்பார். படகு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லையாம். ஒவ்வொரு வாரமும் அதே வாக்கியம், அதே சிரிப்பு. நானும் அதைப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பேன். கடலை விட்டு இவ்வளவு தூரத்தில், பெங்களூர் அடுகோடியில், லேத் பட்டறைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே ஒரு வாடகை வீட்டில் படகு வைத்திருப்பவன் வேறென்ன செய்ய முடியும்?

படகு என்றதும் ஊரில் இருப்பவர்கள் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இதை டிங்கி என்பார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் சண்டை வரும். ஒரு பாய், ஒரு சுக்கான், அவ்வளவுதான். இரண்டு சக்கரம் வைத்த இழுவண்டியின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதுகூட இல்லை, என் மனைவி ஜெசிந்தாவுடையது. அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். ஆனால் பெண் வள்ளத்தில் கால் வைத்தால் மீன் படாது என்று அவளைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் மாடு உண்டு. கிணற்றைத் தாண்டித் தண்ணீர் பார்த்ததில்லை. அவள் கோயிலும் என் கோயிலும் வேறு என்பதால் இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். பெங்களூருக்கு வந்தோம். வேலை தேடி வந்தோம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். அலுவலகத் தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஏரிக்கு அழைத்துப் போனாள். ஜெசிந்தா முதன்முதலாகப் படகில் ஏறினாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடப் போடாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். "கடலு பக்கத்துல இருந்தப்ப ஏத்தல. இங்க ஏரித் தண்ணில ஏறியிருக்கேன் பாருங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு இந்தப் பழைய டிங்கியை வாங்கினாள். எனக்கு நீச்சல் தெரியாது. பல ஞாயிறுகள் கரையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, அவளுடைய வெள்ளைப் பாய் எது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடம்புக்கு முடியாமல் போனதும் படகைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். கொண்டுவந்தோம். எங்கள் ஷெட்டின் தரை தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். வண்டி உருண்டு போய்விடக் கூடாதென்று, படகின் கயிற்றை அவளே தூணில் கட்டினாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. நான் கட்டுகிறேன் என்றதற்கு, "நீங்க போடுறது மாட்டு முடிச்சு" என்று கேலி செய்தாள். அதுதான் அவள் கடைசியாகப் போட்ட முடிச்சு. அன்றிலிருந்து நான் அதைத் தொடவில்லை.

இப்போது ஊரிலிருந்து என் அண்ணன் அடிக்கடி போன் செய்கிறார். அவள் இருந்தவரை வருடத்துக்கொரு தடவை பேசினால் அதிகம். "மேல் வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சுல. இனி நீ ஒத்தையாள்தான, வந்துரு" என்கிறார். அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒத்தையாள் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அவளோடு வந்தபோது திறக்காத கதவு, அவள் இல்லையென்றானதும் திறந்துகொள்கிறது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். வயதும் ஆகிறது. கட்டில், பீரோ எல்லாம் போன பிறகு கடைசியாக மிஞ்சியது படகு.

வாங்க வந்தவள் காவ்யா என்ற கன்னடப் பெண். ஏரியில் சிறு பெண்களுக்குப் பாய்ப்படகு கற்றுக்கொடுக்கிறாள். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள், பிடித்திருந்தது. அவர்களுடைய கிளப்பில் பதிவதற்கு முன்னால் யார் யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டுமாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் எனக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு முன்னால் இதில் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

ஜெசிந்தாவுக்கு விற்றவர் ஒரு ஓய்வுபெற்ற மேஜர். இப்போது மடிக்கேரியில் இருக்கிறார். போனில் பிடித்தேன். அவள் இறந்த செய்தியைச் சொன்னேன். பிறகு, இதே பெங்களூரில் மர்பி டவுனில் ஆறுமுகம் என்ற தமிழரிடம் வாங்கியதாகச் சொன்னார். உடனே குரல் மாறியது. அந்த ஆள் பாயைக் கொடுத்தான், சுக்கானைக் கொடுத்தான், கட்டுகிற கயிற்றை மட்டும் அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்விட்டான், கேட்டால் தலையை ஆட்டினான் என்றார். ஒரு துண்டுக் கயிற்றுக்கு ஆசைப்பட்ட திருடன் என்று இத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குச் சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மாடு விற்றால் அப்பா மாட்டைக் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். பழைய கயிறு தொழுவத்திலேயே தொங்கும். அது இருந்தால் தொழுவம் வெறுமையாகிவிடாது, இன்னொன்று வரும் என்று நம்பிக்கை. மேஜரிடம் இதை இங்கிலீஷில் சொல்ல நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு, "ஆனால் அது படகல்லவா?" என்றார்.

மர்பி டவுனில் ஆறுமுகத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. போட்டுக்காரர் வீடு என்றதும் கை காட்டினார்கள். அவர் தோட்டவேலை பார்த்த பங்களாவின் முதலாளி வெளிநாடு போகும்போது படகை இவரிடம் விட்டுப் போனாராம். முதலாளியின் பெயரைக் கேட்டேன். "துரைதான்" என்றார். துரைக்கு வேறு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய அப்பா அந்தத் தெருவில் எருமை வைத்துப் பால் ஊற்றியவர். படகை ஆசையாக வைத்திருந்தது அவருடைய மகன். மகன் துபாய் போன பிறகு, வாசலில் கிடந்து இற்றுப்போகிறதே என்று விற்றிருக்கிறார். கயிறு உள்ளே ஆணியில் சுருட்டித் தொங்கியது. தூசு இல்லாமல் இருந்தது.

"மாடு வித்தா யாருனா கயிறு குடுப்பாங்களா சார்?" என்றார். "அந்த மேஜரு இன்னா மொறைப்பு மொறைச்சாரு. எனக்கு இன்னொரு போட் வேணும்னு வெச்சிக்கல. பையன் வருவான்னு வெச்சிக்கினேன்."

வந்தாரா என்று கேட்டேன்.

"வர்ல. அங்கயே கல்யாணம் கட்டிக்கினான்." கயிற்றை ஒருமுறை தடவிவிட்டு, "கயிறு இன்னா பண்ணும் சார், பாவம்" என்றார்.

அவருடைய மருமகன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். காவ்யாவுக்கு நாலு பேரையும் வரிசையாகச் சொன்னேன்: துரை, ஆறுமுகம், மேஜர், ஜெசிந்தா. வரும்போது புதுக்கயிறு கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னேன். பழைய கயிறு இற்றுவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, சரி என்றாள். தமிழர்கள் கயிற்றுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு ஜீப்போடு வந்தாள், கையில் நீலக் கயிறு. நான் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் தூணருகே நிற்கிறாள். எனக்கு உதவுவதாக நினைத்து முடிச்சில் விரலை வைத்துவிட்டாள். படகுக்காரர்கள் போடும் முடிச்சு பார்க்க இறுக்கமாக இருக்கும்; தெரிந்தவர்கள் ஒரு தள்ளுத் தள்ளினால் கழன்றுவிடும். அவள் தெரிந்தவள். "பேடம்மா, பேட", வேண்டாம் வேண்டாம் என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவ்யா கையை எடுத்துவிட்டாள். முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவரு ஹாக்கித்தா சார்?" என்றாள். அவங்க போட்டதா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். படகின் மூக்கில் மாட்டியிருந்த கொக்கியை மட்டும் கழற்றி, கயிற்றின் அந்த முனையைக் கீழே போடாமல் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜீப் திருப்பம் தாண்டும் வரை பார்த்தேன். ஒரு பெண்ணிடம்தான் போகிறது, தண்ணீருக்குத்தான் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. காலியான ஷெட்டில் நின்று அழுதேன். லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

அப்போதுதான் அண்ணன் போன் வந்தது. எப்போது வருகிறாய் என்றார். வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. போவதென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும், அல்லது அவளைத் தூணில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். படகு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடமாகக் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த அந்தத் தரையின் சரிவு அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது. அது தெருப்பக்கம் இழுத்தது. கயிற்றின் முனையை நான் விடவில்லை.