எடைமேடை ஏறிய மூன்று சக்கர ஸ்கூட்டர்

மருதாசலம் லாரி ஓட்டாத சாலை இந்தியாவில் இல்லை. அதே மருதாசலத்துக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

முப்பது வருடம் நாமக்கல் முட்டையை ஏற்றிக்கொண்டு கவுகாத்தி வரைக்கும் போய்வந்தவர். ஒருமுறை ராஞ்சிப் பக்கம் வெயில் தாங்காமல் வழியிலேயே எல்லாம் பொரிந்துவிட, ஏற்றியது முட்டை, இறக்கியது கோழி, ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறையவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

சைக்கிள் கதை வேறு. சின்ன வயதில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தார். ஏறிய வேகத்தில் கள்ளிவேலிக்குள் போய்விட்டார். அவருடைய அம்மா அவரைக் குப்புறப் போட்டு முள் பிடுங்கினாள். பிடுங்கிய முள்ளைக் கொண்டு பட்டிக்கு வேலி கட்டினார்கள் என்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் ஓர் ஆட்டுக்குட்டியைத் தடுக்கும் அளவுக்கு இருந்தது. அன்றோடு அவருக்கு ஞானம் பிறந்தது. ஆறு சக்கரத்துக்குக் குறைந்த எதுவும் தானாக நிற்காது. தானாக நிற்காததில் மனுசன் ஏறக் கூடாது.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வுபெற்ற பிறகு பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்து, மூன்று சக்கரத்தில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய மனைவி வள்ளியாத்தாளின் மூக்கு.

வள்ளியாத்தாளுக்கு டீசல் வாடை ஆகாது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்கு ஊர் காட்டலாம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சங்ககிரி தாண்டுவதற்குள் அவள் கல்யாண விருந்தை முழுக்க ரோட்டோரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் அவள் கால் வைத்ததில்லை. லிஃப்ட் கேட்ட சாமியார் ஏறினார், ரயிலை விட்ட ராணுவக்காரர் ஏறினார், ஒரிசாவில் ஒரு மணமகன் குதிரையோடு ஏறினான். பெண்டாட்டி மட்டும் ஏறவில்லை. வெளியில் சொல்லமாட்டாரே தவிர, அது மருதாசலத்துக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. கள்ளிமுள்ளையாவது பிடுங்கிவிடலாம்.

பேட்டரி வண்டிக்கு வாடை இல்லை. அவளுடைய அண்ணன் மகள் நித்யஸ்ரீயின் கல்யாணம் மல்லசமுத்திரத்தில். பட்டுச்சேலை கட்டிய வள்ளியாத்தாளைப் பின்னால் உட்கார வைத்து, மண்டபத்து வாசலில் போய் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் சேலத்துக்குப் போய் மிளகாய்ப்பழச் சிவப்பில் இந்த வண்டியை எடுத்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஓட்டுகிறவருக்கு அகலமாக ஒரு சீட்டு, அதற்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

புது வண்டியை அப்படியே ஓட்டுகிறவன் டிரைவர் இல்லை. ஆகவே பரிசோதனைக்குத் தீர்த்தகிரியை வரச்சொன்னார். தீர்த்தகிரி இவரிடம் கிளீனராக இருந்தவன். இப்போது பைபாசில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை வைத்திருக்கிறான். வந்தவன் வண்டியைச் சுற்றிவந்தான். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, காற்று எவ்வளவு என்று சத்தத்தில் பார்த்தான். லாரி டயருக்குக் கொடுக்கிற அடியை வாங்கிய அந்தச் சின்ன டயர், கம்பியைத் திருப்பி அவன் முட்டிக்கே அனுப்பியது.

“காத்து நல்லாத்தான் இருக்குதுங்ணா,” என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டான். “ஸ்டார்ட் பண்ணுங்க, இஞ்சின் சத்தத்தக் கேப்போம்.”

“பண்ணியாச்சு.”

“எப்ப?”

“நீ வர்றதுக்கு மின்னயே.”

தீர்த்தகிரி சீட்டில் காதை வைத்துக் கேட்டான். “மூச்சே இல்லீங்ணா. ஆசுபத்திரி கேசாட்டம் கெடக்குது. உங்கள ஏமாத்திப்போட்டானுக,” என்று சொல்லிக்கொண்டே, பிடிமானத்துக்குக் கைப்பிடியைப் பற்றி முறுக்கினான். வண்டி ஒரு சொல் சொல்லாமல் கிளம்பியது. சீட்டில் காதை வைத்தபடியே தீர்த்தகிரி வாசலைக் கடந்தான், துணி காய்கிற கொடியைக் கடந்தான், கடைசியில் வைக்கோல் போருக்குள் பாதி புகுந்து நின்றான்.

“பிக்கப் இருக்குது!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதன்பிறகு மருதாசலம் தாமே ஏறினார். வாசலிலிருந்து நேராகப் போய், மாரியம்மன் கோயில் முக்கில் இடதுபக்கம் திரும்பினார். திரும்பும்போது பின்னால் இருந்த இடது சக்கரம் தரையைவிட்டு மெல்ல எழுந்து, காற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பொத்தென்று இறங்கியது. வேலியோரம் நின்று வள்ளியாத்தாள் பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, நாய் காலைத் தூக்கற மாதிரியில்ல தூக்குது உங்க வண்டி!”

“காலி வண்டி அப்படித்தான் குதிக்கும், புள்ள. லோடு ஏறுனா அமுந்துக்கும்.”

“லோடுன்னா ஆரு? நானா?”

மருதாசலம் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் தீர்ப்பைச் சொன்னாள். “கண்ணாலத்துக்கு இதுலயே வாரேன். ஆனா வழியில ஒருக்கா அந்தச் சக்கரம் எந்திரிச்சு நான் பாத்தன்னா, அங்கயே எறங்கிச் சின்னவ ஊட்டுக்காரரு கார்ல ஏறிக்குவேன். பொறவு இந்தச் சென்மத்துல உங்க வண்டியில ஏறச் சொல்லப்படாது.”

சின்னவ ஊட்டுக்காரர் என்பது அவள் தங்கை புருசன் ஜெகதீஸ்வரன். கோழிப்பண்ணைக்காரர், கப்பல் மாதிரி கார் வைத்திருப்பவர். சேதி அதற்குள் அவர் காதுக்குப் போய், போன் வந்துவிட்டது.

“சகலை, ட்ரைசைக்கிள் வாங்கியிருக்கீங்களாமா? மணி அடிக்குதுங்களா? அண்ணிக்கு ஏசி போட்டு முன்சீட்டு காலியா வெச்சிருக்கறனுங்க.”

மருதாசலம் போனை வைத்துவிட்டு, “தீர்த்தா, ஸ்பேனரை எடு,” என்றார்.

பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுருள் ஸ்பிரிங். அதன் அடியில் ஒரு வளையம். திருகினால் ஸ்பிரிங் இறுகும், தளர்த்தினால் அமுங்கும். ஏறுகிற பாரத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. முதலில் இரண்டு மணல் மூட்டையைப் பெஞ்சில் வைத்துக் கோயில் முக்குக்குப் போனார்கள், சக்கரம் எழுந்தது. கோழித்தீவன மூட்டை வைத்தார்கள். பின்பக்கம் அமர்ந்துகொண்டது, முன்சக்கரம் எழுந்து அம்மனைக் கும்பிட்டது. நடுத்தரமாக இருக்கட்டும் என்று பக்கத்துத் தோட்டத்துக் கிடாயைக் கட்டி உட்கார வைத்தார்கள். கிடாய் சொகுசாக நான்கு முறை போய்வந்தது. அதற்கப்புறம் அது நடந்து மேயப் போக மறுத்துவிட்டது. இன்றைக்கும் யாராவது வண்டி கொண்டுவந்தால்தான் புல் பக்கம் போகிறது என்கிறார்கள்.

தீர்த்தகிரி வியர்வையைத் துடைத்தான். “லோடு எத்தனைன்னு தெரியாம ஸ்பிரிங்கு வெக்க முடியாதுங்ணா. அண்ணி எத்தனை கிலோங்க?”

இங்கேதான் மாட்டிக்கொண்டது. லாரியின் ஸ்பிரிங் பட்டை வளைந்திருப்பதைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுகிற மருதாசலம், பெண்டாட்டி விஷயத்தில் அந்தக் கண்ணைத் திறந்ததே இல்லை. உயிர்மேல் ஆசை இருந்தது.

சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார். “ஏ புள்ள, பிரசர் மாத்தரைக்கு எடை கேட்டாரு டாக்டரு.”

“எந்த டாக்டரு?”

“நம்ம டாக்டருதான்.”

“அவரு அமெரிக்கா போயி மாசமாச்சு. அங்கயிருந்து என்ற எடையக் கேட்டாராக்கும்?”

மறுநாள் மருதாசலம் லாரிக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனார். எடைமேடை.

“சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நேர் ரோடுதான், திருப்பமே கெடையாது,” என்று சொல்லி வள்ளியாத்தாளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவளும் ஒரு சந்தேகத்தோடுதான் ஏறினாள். ஏறியதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வாடை இல்லை. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த மருதாசலம் இன்னும் கவுகாத்தி வரைக்கும் போகத் தயாராக இருந்தார். ஆனால் பைபாஸ் வந்ததும் வண்டியை வளைக்காமல், நேராக லாரிகள் எடைபோடும் இரும்பு மேடைமேல் ஏற்றிவிட்டார்.

முப்பது டன் லாரி நிற்கிற மேடை. அதன் நடுவே இவர்கள் தாம்பாளத்தில் வைத்த ஒற்றைச் சுண்டல்போல இருந்தார்கள். கேபினுக்குள் எடைபோடும் பெண் பிரவீனா. அவளுக்கு ஒலிபெருக்கி, வெளியே ஆளுயர எழுத்தில் சிவப்பு விளக்குப் பலகை.

“வெள்ளச் சட்டை ஐயா! டிரைவர் எறங்கிக்குங்க! லோடு மேலயே இருக்கட்டும்!” என்று ஒலிபெருக்கி அலறியது.

வள்ளியாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். லோடு தான்தான் என்று அவளுக்கு விளங்குவதற்குள் மருதாசலம் இறங்கி, கேபினின் மறைவுக்குப் போய்விட்டார். பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். பலகையில் எண் மேலே போவதும் கீழே வருவதுமாகத் துடித்தது.

“மேல நின்னுருச்சு!” என்றான் ஒருவன்.

“இல்லப்பா, கீழதான். அம்மா கொஞ்சம் மூச்ச விட்டா சரியா நிக்கும்.”

“லோடு ஆடாம இருக்கோணும்!” என்றது ஒலிபெருக்கி.

வள்ளியாத்தாள் இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபின் சன்னலுக்குப் போய், “ஏஞ்சாமி, லோடு பாத்தாச்சா? இப்ப டிரைவரை ஏத்திப் பாரு,” என்றாள். பிறகு மறைவில் இருந்த புருசனைப் பார்த்தாள். “ஏறுங்க.”

மருதாசலம் ஏறி உட்கார்ந்தார். பலகை ஒரே துள்ளலில் அவள் எண்ணுக்கு மேலே போய் ஆடாமல் நின்றது. லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். வள்ளியாத்தாள் பலகையைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்று, அந்த அகலமான மேடையில் தன்னந்தனியாக வண்டிமேல் இருந்த புருசனையே பார்த்தாள். நேற்று அவள் சக்கரத்தைத்தான் பார்த்தாள்; அவர் வண்டியில் உட்காருகிற விதத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“ஏனுங்க, எந்துக்கு அந்த ஓரத்துல தொத்தீட்டிருக்கறீங்க?”

“எந்த ஓரத்துல?”

அகலச் சீட்டின் வலது விளிம்பில் அவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முக்கால் சீட்டு இடதுபக்கம் காலி. கிளீனருக்கு! வலது முழங்கை, இல்லாத ஒரு சன்னலில் சாவகாசமாகச் சாய்ந்திருந்தது. முப்பது வருசப் பழக்கம். தீர்த்தகிரி இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்றால், அவனும் அப்படித்தான் உட்காருவான். சுற்றி நின்ற லாரிக்காரர்களுக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. “சரியாத்தானே ஒக்காந்திருக்கறாரு,” என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒட்டுமொத்த ஆளும் வலப்பக்கம் தொங்குனா எடது சக்கரம் எந்திரிக்காம என்ன பண்ணும்? நடுவுல வாங்க!”

வந்தார். வண்டியை நகர்த்தினார். பத்தடி போவதற்குள் அவர் உடம்பு தானாக வழுக்கி வலது விளிம்புக்குப் போய், முழங்கை சன்னலைத் தேடிக்கொண்டது. திரும்ப இழுத்தார், திரும்ப வழுக்கியது. சீட்டில் நடுவாக ஒரு கோடு போட்டார்கள். இடுப்பில் துண்டைக் கட்டி இடதுபக்கம் இழுத்துப் பிடித்தார்கள். துண்டுதான் கிழிந்தது.

மருதாசலம் தலையைத் தொங்கப்போட்டார். “நீ கார்லயே போயிரு, வள்ளி. என்ற ஒடம்பு இனி லாரியவுட்டு எறங்காது.”

அவள் முந்தானையை மறுபடி இழுத்துச் செருகினாள். பிறகு பின்பெஞ்சில் ஏறி, இடது ஓரத்தில் அழுத்தமாக உட்கார்ந்தாள். “எடத் திருப்பத்துல சொல்லுங்க. நான் இக்கட்ட சாஞ்சுக்கறேன்.” பிறகு லாரி கிளீனர் மாதிரி உள்ளங்கையால் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். “ம், ரைட்!”

கல்யாணத்தன்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மயில்கழுத்துப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு வள்ளியாத்தாள். “லெஃப்ட்!” என்று மருதாசலம் குரல் கொடுப்பார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காது ரோட்டை உரசுகிற அளவுக்கு இடதுபக்கம் சாய்வாள். திருப்பம் முடிந்ததும் நிமிர்ந்து பூவைச் சரிசெய்துகொள்வாள். எதிரே வந்த பஸ்சுக்குக் கையைக் காட்டி வழிவிடச் சொன்னாள். ஓரமாகப் போகாத மாட்டுவண்டிக்காரனைத் திட்டினாள். ஒரு திருப்பத்தில் சாய்ந்த வாக்கிலேயே சாலையோர வேலியிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பறித்துக்கொண்டாள். வழி நெடுக சக்கரம் எழவில்லை.

மண்டபம் தெரிந்தது. கடைசித் திருப்பம், இடதுபக்கம். வாசலில் பன்னீர்ச் செம்போடு அவள் தங்கை நின்றாள், பக்கத்தில் ஜெகதீஸ்வரன். தங்கையைக் கண்ட சந்தோசத்தில் வள்ளியாத்தாள் எல்லாவற்றையும் மறந்து நிமிர்ந்து கையை ஆட்டினாள். மருதாசலம் சொன்ன “லெஃப்ட்” நாதஸ்வரத்தில் அமுங்கிப்போனது.

இடது சக்கரம் எழுந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வாழைமரத் தோரணத்தைத் தொட்டுவிட்டு, ஆற அமர இறங்கியது. மருதாசலம் பிரேக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணி! பாத்தீங்களா! சக்கரம் எந்திரிச்சிருச்சு!” என்று ஜெகதீஸ்வரன் கத்தினார். “திரும்பறப்ப நம்ம கார்லயே போயரலாமுங்க!”

வள்ளியாத்தாள் இறங்கினாள். சேலை மடிப்பை நீவினாள். இன்னும் ஆடிக்கொண்டிருந்த வாழைஇலையைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தாள். கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த புருசனையும் பார்த்தாள்.

“எந்தச் சக்கரமுங்க, தம்பி? நான் ஒண்ணையும் பாக்கலையே.”

பிறகு வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி குரலெடுத்தாள். “ஏனுங்க, நெழல்ல போடோணும், ரிவர்சு எடுங்க! வா, வா, வா... வலது ஒடி... இன்னும் வா, வா...”