பல்லால் கேட்ட நாகராஜ்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில், நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரேதான் நாகராஜின் கார் ஷெட். மெக்கானிக் என்றால் காதுதான் மூலதனம். நாகராஜுக்கு இரண்டு காதுமே அவுட். சிந்தாதிரிப்பேட்டையில் தகரம் தட்டும் பட்டறைக்கு நடுவே பதினைந்து வருஷம் வேலை பார்த்ததன் கூலி அது. வெளியே தெரிந்தால் அடுத்த நாளே ஷெட்டை மூடவேண்டியதுதான். செவிட்டு மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்?

அதனால் அவரும் அவர் மனைவி தேவானையும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ரிப்பேர் முடிந்து வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது தேவானை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் இன்னும் இருந்தால் மூக்குத்தியைத் தொடுவாள். போய்விட்டால் முந்தானையை இடுப்பில் செருகுவாள். வாடிக்கையாளர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இப்படியே நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் நின்று குட்மார்னிங் சொன்னால் திரும்பாத மனிதனை, தலைக்கனம் பிடித்தவன் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபத்துமூன்றில் ஒரு நாள் தி. நகர் ஜவுளிக்கடை சண்முகசுந்தரம் அண்ணாச்சி கறுப்பு அம்பாசடரில் வந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர். டிரைவர் வைத்தால் பெட்ரோலைக் குடித்துவிடுவான் என்று தானே ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கிறீச். ஏற்கெனவே இரண்டு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தாயிற்று. ஒருவன் முன்சக்கரத்துக் கிங் பின்னை மாற்றினான். இன்னொருவன் ஸ்டியரிங் பாக்ஸையே பிரித்து மேய்ந்தான். கிறீச் மட்டும் அப்படியே இருந்தது.

தேவானை மண்ணெண்ணெய் க்யூவுக்குப் போயிருந்தாள். நாகராஜ் சந்துமுனை வரை எட்டிப் பார்த்தார். ஆளைக் காணோம். வேறு வழியில்லாமல் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அண்ணாச்சியை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். பிறகு கட்டைப் பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, நுனியைக் கிங் பின்னில் வைத்தார்.

“என்னவே, ஸ்க்ரூடிரைவரைத் திங்கியேரு?” என்றார் அண்ணாச்சி.

நாகராஜ் பாட்டுக்கு நுனியை நகர்த்திக்கொண்டிருந்தார். காருக்கடியில் கிடந்தவருக்கு உதடு எங்கே தெரியும்? கிங் பின்னில் ஒன்றுமில்லை. ஸ்டியரிங் பாக்ஸில் லேசாகப் பல் கூசியது. ஸ்டியரிங் தண்டுக் குழாயைப் பிடித்து மேலே போகப்போகக் கூச்சம் ஏறியது. வெளியே வந்து, கதவுவழியே ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியிலே வைத்ததும் கடைவாய்ப்பல் வரை ஆடிப்போய்விட்டது. காதுள்ளவர்களுக்கு அந்தக் குழாய் சத்தத்தைக் கீழே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. அவர்களும் கீழேயே தோண்டியிருக்கிறார்கள்.

பாட்டரி ஒயரைக் கழற்றி, ஸ்டியரிங் நடுவிலிருந்த ஹார்ன் மூடியைத் திறந்தார். உள்ளே விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் சிமெண்டாக இறுகிக் கிடந்தன. அண்ணாச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் ஹார்ன் பட்டனுக்குப் பட்டை போட்டு, மேலே தீர்த்தமும் தெளிப்பவர். ஆறு வருஷத்துப் பக்தி மொத்தமும் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் இறங்கியிருந்தது. விபூதி வினையை அறுக்கும் என்பார்கள். புஷ்ஷை அறுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

“சாமியே உள்ள குந்திகினு கீது மொதலாளி,” என்றார் நாகராஜ்.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுரண்டித் துடைத்து, புது புஷ் போட்டு, கிரீஸ் தடவி மூடினார். பாட்டரியையும் மாட்டினார். “இப்ப ஸ்டார்ட் பண்ணி ஒடிங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் வெற்றிலை புகையிலையை அடக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

அண்ணாச்சி ஒடித்தார். கிறீச் போயே போய்விட்டது. ஆனால் மூடிக்குள் ஹார்ன் ஒயர் எங்கோ உரசிக்கொண்டது. பாஆஆம் என்று அலற ஆரம்பித்த ஹார்ன் நிற்கவே இல்லை. சாமி தேர் வந்தாலும் ஒதுங்காத சந்துமுனை ரிக்‌ஷாக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் ஸ்டூடண்ட்ஸ் பாதி வரியில் எழுந்து ஓடிவந்தார்கள்.

நாகராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “இன்னா மொதலாளி, இப்ப சத்தம் கீதா? கர்ப்பகிரகம் கணக்கா கம்முனு கீது பாருங்க!”

சந்து முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தது. அப்போதுதான் தேவானை மண்ணெண்ணெய் டின்னும் கையுமாக, மூக்குத்தியைப் பிடித்தபடியே ஓடிவந்தாள். நாகராஜ் அவளைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. பாட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

“உமக்குக் காது கேக்காதா வே?” என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தேவானைதான் முன்னால் வந்தாள்.

“கேக்காது. நாலு வருசமா கேக்காது. இன்னா இப்போ? காது கேக்கறவன் ரெண்டு பேர் பாத்தானே, இன்னாத்த கிழிச்சான்?”

நாகராஜ் ஒயருக்கு டேப் சுற்றித் தரும்வரை அண்ணாச்சி காத்திருந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் ஒரு வண்டியும் வரவில்லை. பழைய டயர்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார் நாகராஜ். எதிரே போய் நின்று, முகத்துக்கு நேராகக் குட்மார்னிங் சொன்னேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

பத்தாம் நாள் ஒரு வெள்ளை ஃபியட் வந்தது. பின்னாலேயே ஒரு ஹெரால்டு கார்.

“பல்லால கேக்குற மெக்கானிக் இங்கதானே? சண்முகசுந்தரம் அண்ணாச்சி கடையில புடவை எடுக்கப் போனோம். பில் போடறதுக்குள்ள மூணு தடவை சொல்லிட்டார்,” என்றார் ஃபியட்டிலிருந்து இறங்கியவர்.

நாகராஜ் உதட்டைப் படித்துவிட்டு, நம்பாமல் தேவானையைப் பார்த்தார். அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். அடுத்த நிமிஷமே அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். நாகராஜ் வாயைக் கொப்பளித்துவிட்டு ஃபியட்டின் பானெட்டைத் திறந்தார்.

காது போய் நாலு வருஷமாக எந்த டாக்டர் வாசலையும் மிதிக்காத மனிதர், மறுநாள் காலை ஷெட்டைத் திறப்பதற்கு முன்னால், பல் டாக்டர் வீட்டு வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.