கோட்டுக்கு மேலே நின்றவர்

கிளிநொச்சியில் வவுனியா பஸ்ஸுக்காக நின்றபோது யோகமலர் மிஸ்ஸின் கணவர் போனில் அழைத்தார். "பிள்ளை, அவா விடியப் போயிட்டா." அழுதேன். அழுதுகொண்டே எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பொரித்து அடுக்கியிருந்த ரோல்ஸைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் துறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படிப்பித்தவர் மிஸ். பட்டத்துக்குப் பிந்திய முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எவ்வளவு புள்ளி எடுப்பார்கள் என்பதை, முன்னர் படித்தவர்களின் புள்ளிகளைக் கொண்டு பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) செய்து கணிப்பார். அந்தக் கணிப்புக் கோடு அவரது அறைச் சுவரில் பெரிதாகத் தொங்கியது. யாராவது அதைத் தாண்டிப் புள்ளி எடுத்தால், அன்று துறை முழுவதற்கும் அவர் செலவில் ரோல்ஸ். "பிழை விட்ட ஆள்தான் வாங்க வேணும்" என்பது அவர் போட்ட சட்டம்.

நான் துணுக்காயில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண். பட்டப்படிப்புக் காலத்தில் அப்பா நோயில் படுத்தார். என் புள்ளிகளும் கூடவே படுத்துவிட்டன. முதுமாணி நேர்முகத்தில் நான் எதிரே இருக்கும்போதே ஒரு பேராசிரியர், "உங்கட கோடே இவ சித்தியடைய மாட்டா எண்டு சொல்லுது, மிஸ்" என்றார். இந்த இடமும் போனால் படிப்பு அவ்வளவுதான்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேர், இந்தக் கோடு நாங்கள் உள்ளுக்கு எடுத்த ஆக்களை வச்சுப் போட்டது. வாசலோட திருப்பி அனுப்பின ஆக்களைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்? இவவை எடுங்கோ, பாப்பம்."

எடுத்தார்கள். இறுதிப் புள்ளிகள் வந்த அன்று, சுவரில் என் புள்ளி கோட்டை விட்டு எங்கேயோ மேலே நின்றது. மிஸ் இரண்டு பெட்டி ரோல்ஸோடு வந்தார். "நல்லா என்னை ஏமாத்திப் போட்டீர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பேராசிரியரும் மூன்று சாப்பிட்டார். இன்று நானும் அதே துறையில் படிப்பிக்கிறேன்.

பிறகு மிஸ்ஸுக்குப் புற்றுநோய் வந்தது. தைப்பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். பொங்கல் போனது, சித்திரை வருஷமும் போனது. வார்டுக்கு வந்த டொக்டரை மிஸ் பிடித்துக்கொண்டார். "டொக்டர், நான் உங்கட கோட்டுக்கு மேல நிக்கிறன். ரோல்ஸ் எங்க?" சட்டத்தை விளக்கியதும் அவர், "கட்டாயம் வாங்கித் தாறன் அம்மா" என்றார். அடுத்த கிழமை மிஸ் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்கன்று பூவரசங்குளத்தில் மிஸ்ஸின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டொக்டர் ஒரு பெட்டியோடு வந்து வாசல் படலையில் தயங்கி நின்றார். "மரக்கறி ரோல்ஸ்தான்" என்றார். மிஸ்ஸின் கணவர் பெட்டியை வாங்கித் திறந்து முதல் ரோல்ஸை அவரிடமே கொடுத்தார். "அவா கேட்டது கிடைச்சிட்டுது. இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்." வீடு முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாகப் போனது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சட்டம்தான். இம்முறை விண்ணப்பித்தவர்களில் ஒருவரை, சித்தியடைய மாட்டார் என்று என் கோடு சொன்னது. எடுப்போம் என்றேன். எடுத்திருக்கிறோம். என் கணக்குப் பிழையாகிப் போக வேண்டும் என்று ஆசையோடு காத்திருக்கிறேன்.