டோலக் வாங்க வந்த வெள்ளைக்காரர்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்கு அனுப்புவது பற்றி விசாரிக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஐரோப்பாவில் ஏதோ சின்ன ஊரில் வாத்தியக் கடை வைத்திருக்கிறாராம். நம்மூர் டோலக்கை வாங்கிப்போய் விற்க ஆசை. இங்கே பேசி முடிக்க உள்ளூர் ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார். எனக்கு இங்கிலீஷ் வரும். போதாதா? நானே அந்த ஆள் ஆனேன். தெரு முழுக்க ‘ஃபாரின் கம்பெனி வேலை’ என்று பீற்றிக்கொண்டேன்.

புளியந்தோப்பில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டோலக் செய்பவர். அந்தப் பக்கத்து கானா பாட்டுப் பார்ட்டிகள் அவரிடம்தான் வாங்குவார்கள். வெள்ளைக்காரரை அங்கே கூட்டிப்போனேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணி ஊற்றிய மீன் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார். கிளம்பும்போது அண்ணனைக் கட்டிப்பிடித்து, இனி நீங்கள் செய்வதையெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆடி நெருங்கியது. அம்மன் கோயில் விசேஷங்களுக்காகப் பார்ட்டிகள் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கிற நேரம். அண்ணன் என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“பார்ட்டிங்க வந்துகினே கீறாங்கப்பா. இன்னா சொல்லி அனுப்பறது? அவர கேட்டு சொல்லு.”

பிரவுசிங் சென்டருக்கு ஓடி, ஊர் திரும்பியிருந்த வெள்ளைக்காரருக்கு மெயில் போட்டேன். எல்லாவற்றையும் எனக்கே வைக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அண்ணன் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தவர்கள், முறைத்துக்கொண்டு போய் வேறு கடையில் வாங்கினார்கள்.

ஆடி முடிந்தது. டோலக்கெல்லாம் கப்பலேறத் தயாராக இருந்தபோது வந்தது ஒரு மெயில். அவர் ஊரில் இப்போது ஆப்பிரிக்க மேளத்துக்குத்தான் மவுசாம். இந்த யோசனையையே விட்டுவிட்டாராம். செய்ததையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். நீங்கள் உள்ளூர்க்காரர்தானே, அங்கேயே விற்றுவிடுங்களேன் என்றார். மெயிலின் கடைசியில் ஒரு சிரிப்பு முகப் பொம்மை வேறு. மனுஷனா அவன்? அதன்பிறகு பதிலே இல்லை.

மெயிலைப் பிரிண்ட் எடுத்துப்போய் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் பேசினார். “அவரு எங்க கீறாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? உன்னத்தானே தெரியும்.”

அடுத்த ஆடிக்கு ஒரு பார்ட்டிகூட அவர் வாசலை மிதிக்கவில்லை. ரோஷக்காரர்கள். அண்ணன் பட்டறையை மூடிவிட்டு மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றப் போனார்.

பல வருஷம் கழித்து, திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கூட ஒரு தோஸ்து. பேசமாட்டார் என்று நினைத்தேன். அவரே, “அந்த வெள்ளக்காரரு நல்லா கீறாரா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தோஸ்து பக்கம் திரும்பி, “தங்கமான மனுசன்பா. நம்ம வூட்ல தரையில குந்திகினு துன்னாரு. நடுவுல பூந்தவன்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டான்” என்றார்.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாக்குக் கொடுத்தவர் விமானம் ஏறிப் போய்விட்டார்; அந்த வாக்கைத் தமிழில் சொன்ன பாவத்துக்கு, புளியந்தோப்பு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறக்கூட எனக்கு இன்றைக்கும் மனசு வருவதில்லை.