அடுத்த ஞாயிறு பேசுவோம்

நனைத்துப் பிழிந்த ஒரு வெள்ளை வேட்டி, நடுவில் ஒட்டுப் போட்டது. திண்டிவனத்தில் வாசகசாலையின் பின்வாசலை அடைத்து அதைக் கட்டுவார்கள். உள்ளே மேஜிக் லாந்தர் எரியும், வேட்டியில் படம் விழும். ஈரத்துணி வெளிச்சத்தை ஊடுருவ விடும் என்பதால், பின்பக்கம் மண்ணில் உட்கார்ந்திருக்கும் சேரிக்காரர்களான எங்களுக்கும் படம் தெரியும், இடம் வலமாக மாறி. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்த நான், திரும்பிக் கிடக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகிவிட்டேன். 'அனைவரும் வருக' என்றுதான் நோட்டீசில் இருக்கும். யார் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் போடமாட்டார்கள். போடாமலே எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். வக்கீலய்யாவின் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். ஊரையே யோசிக்க வைத்த மனிதராம். அந்தக் காலத்து ஆட்கள் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். எழுதுகிறேன். அவர்கள் இதை அச்சடிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஞாயிறுதோறும் சாயங்காலம் வக்கீலய்யா பிரசங்கம் செய்வார். ஒரு வாரம் விஞ்ஞானம், ஒரு வாரம் கலாச்சாரம், ஒரு வாரம் சமூகம். லாந்தரும் படங்களும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும். ஆள் சிவப்பாக, வாட்டசாட்டமாக இருப்பார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், தன் குரலைத் தானே ரசிக்கிறவர்களுக்கு வரும் பழக்கம் அது. நட்சத்திரத்தின் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்று விளக்குவார். அக்கிரகாரத்துக்கும் வேளாளர் தெருவுக்கும் நடுவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒரு குடம் எங்கள் தெருவுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு பிரசங்கத்தையும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க" என்பார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு சாப்பிடப் போவார்கள்.

அந்த வருஷம் பெருமுக்கல் பக்கம் வாந்திபேதி கண்டிருப்பதாகப் பேச்சு வந்தது. வக்கீலய்யா சும்மா இருப்பாரா? 'தண்ணீர்' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அம்மா அப்போது அவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா விழுப்புரத்தில் ரயில் பாதை வேலைக்குப் போயிருந்தார். நானும் என் தம்பியும் வரப்பில் இருந்தோம். தம்பிக்கு நாலு வயது இருக்கும். வக்கீலய்யாவின் குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க குட்டைத் தண்ணி ஒரு செம்பு கொண்ணாந்து குடு. அய்யா பூதக்கண்ணாடில வச்சிக் காட்டணுமாம்."

"வடிகட்டிக் கொண்ணாரட்டுங்களா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் பண்ணிக்கினு இருக்காத. புழு பூச்சி அப்படியே இருக்கணும்."

அம்மா செம்பைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். எங்கள் தண்ணீரைப் பெரிய மனிதர்கள் கேட்டு அனுப்புவது அதுதான் முதல் தடவை. வாசகசாலையின் பின்வாசலில் குமாஸ்தா ஒரு கண்ணாடிப் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அம்மா உயரத் தூக்கி, சிந்தாமல் ஊற்றினாள். அவள் எட்டிப் போனதும் அவர் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீருக்கு உள்ளே போகத் தடை இருக்கவில்லை.

அன்று உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்து 'அடடா' சொன்னது எங்களுக்குக் கேட்டது. பிறகு லாந்தர் படங்கள் வந்தன. குடல், கிருமி, கிருமி பெருகும் விதம். இந்த மாதிரித் தண்ணீரைக் குடிக்கிறவன் விஷத்தைக் குடிக்கிறான் என்றார் வக்கீலய்யா. பிற்பாடு நான் நர்ஸாக வேலை பார்த்தவள். அவர் பூதக்கண்ணாடியில் காட்டியது எந்தக் குட்டையிலும் நெளியும் சாதாரணப் பூச்சிகள், வாந்திபேதிக் கிருமியே அல்ல. விஷயம் அரைகுறை, தோரணை முழுசு. ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரிதான். அந்தச் சரியான பேச்சை அங்கே உயிர்போகிற விஷயமாக எடுத்துக்கொண்டவள் என் அம்மா ஒருத்திதான். வக்கீலய்யா பேசி முடித்ததும் அவள் எழுந்து துணிக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

"அய்யா, ஒரு வார்த்தைங்க. நீங்க காட்டுனது நாங்க குடிக்கிற தண்ணிங்க. எனக்குச் சின்னப் புள்ள இருக்குது. இந்தச் சீக்கு போற வரிக்கும் உங்க கெணத்துல யாராச்சும் எறைச்சி ஊத்துனா, தூரமா நின்னு புடிச்சிக்கினு போயிடுவோம். கெணத்தாண்ட வர மாட்டோங்க."

உள்ளே யாரோ தும்மினார்கள். வக்கீலய்யா துணியைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம். நல்ல சாட்சி கிடைத்த வக்கீலின் சந்தோஷம்.

"நல்ல கேள்விம்மா. ரொம்ப நல்ல கேள்வி. இதுல விஞ்ஞானமும் இருக்கு, கலாச்சாரமும் இருக்கு, சமூகமும் இருக்கு. அவசரப்பட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல. எல்லாரும் யோசிச்சுக்கிட்டு வாங்க. அடுத்த ஞாயிறு பேசுவோம்."

அவர் கொடியவர் என்றால் எனக்கு இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது. முடியாது என்று சொல்லியிருந்தால் அம்மா வேறு வழி தேடியிருப்பாள், மிஷன் வீட்டுக்காவது நடந்திருப்பாள். அவர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டார். அம்மா அதை நம்பிக் காத்திருந்தாள். பிரசங்கத்தில் அவர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னதையும் கேட்டாள். மல்லாட்டைக் கொடியை எரித்து ஒரு பானைத் தண்ணீர் காய்ச்சி மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஆனால் நாலு வயதுப் பிள்ளை விளையாடிவிட்டுத் தாகமெடுத்தால் பானையைத் தேடி வீட்டுக்கு வருமா? குட்டை பக்கத்திலேயே இருந்தது.

புதன்கிழமை விடியும்போது தம்பிக்குக் கண்டது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் உதடு காய்ந்து, கண் உள்ளே போய், கிழவன் முகமாகிவிட்டது. அதை இப்போதும் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. எங்கள் தெருவில் அந்த வாரம் இன்னும் சிலர் போனார்கள். சனிக்கிழமை மிஷன்காரர்கள் கேள்விப்பட்டு வந்து குட்டையில் மருந்து கொட்டினார்கள். தண்ணீர் ஊதா நிறமாக மாறியது. அதன்பிறகு யாருக்கும் வாந்திபேதி காணவில்லை. மிஷன்காரர்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், மருந்தை வண்டியில் ஏற்றுகிற நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா எங்கள் தெருமுனையில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார். "உன் கேள்வியத்தான் இன்னிக்குப் பேசறாங்க. ஜல்தியா வா, அய்யா தேடுவாரு" என்றார். அம்மா கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

அன்று கூட்டம் அதிகம். வேட்டி கட்டியிருந்தது, படம் ஏதும் இல்லை. உள்ளே விவாதம் பிரமாதமாக நடந்தது. விஞ்ஞானம் கொடுக்கச் சொல்கிறது என்றார் ஒருவர். ஆயிரம் வருஷ வழக்கத்துக்கும் ஒரு விஞ்ஞானம் இருக்கும் என்றார் இன்னொருவர். இறைத்து ஊற்றுகிறவன் தீட்டுப்பட்டவனா இல்லையா என்று ஒருவர் நுட்பமாகக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் வக்கீலய்யாவுக்குத் தொண்டை வறண்டது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் துணிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. கடைசியில் அவரே முடித்துவைத்தார். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறதாம். இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டுமாம். பிறகு துணியை விலக்கி, கேள்வி கேட்டவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் இல்லை.

அம்மா எழுந்து நின்றாள்.

"நீங்க நிதானமா யோசிங்கய்யா. எங்களுக்கு இனிமே அவசரம் இல்லீங்க."

வக்கீலய்யா உருகிப் போனார். "பாத்தீங்களா, எழுத்து வாசனையே இல்லாத ஜனங்களுக்கு எவ்வளவு பொறுமை!" என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.