பாதியில் நின்றவர்களின் வீடுகள்

1. மனைவியின் பெயர்

1973-இல் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பயிற்சிக் கூடத்தில் மோல்டிங் செக்‌ஷன் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். பிளாஸ்டர் அச்சு செய்வதற்கும், அதில் களிமண் கரைசலை ஊற்றிச் சாமான் எடுப்பதற்கும் சொல்லிக்கொடுக்கிற வேலை. வயது இருபத்தாறு. கல்யாணமாகி இரண்டு வருடம். என் கணவர் ராஜாங்கம் ஊரிலேயே ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார்.

ஒரு நாள் சூப்பரின்டென்டன்ட் கூப்பிட்டார்.

"தவமணி, தான்சானியாவுல செராமிக் சொல்லிக்குடுக்க ஆளு கேக்குறாங்க. தொண்டு வேலைதான். தங்க எடம், சாப்பாட்டுச் செலவு, அதோட சரி. இங்க இருக்குற ஆம்பளைங்க எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன். சிங்கம் இருக்குது, காய்ச்சல் வரும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"நான் போறேன் சார்."

"வூட்டுல கேக்க வேணாமா?"

"கேக்குறேன் சார். நீங்க பேரை எழுதிடுங்க."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சூப்பரின்டென்டன்ட் கொடுத்த தாள்களை இரண்டு முறை படித்தார். அங்கே பயிற்சிக்குச் சேர்கிறவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்களாம். இன்ஸ்ட்ரக்டரோடு துணையாக வருகிறவர், அது ஏன் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. "இது எனக்கு வைச்ச வேலைதானே" என்றார் அவர்.

வேலைக்கு வருகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்று நினைத்து அந்த விண்ணப்பத்தை அச்சடித்திருந்தார்கள். "மனைவியின் பெயர்" என்று ஒரு இடம் விட்டிருந்தது. என் கணவர் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் "அ. ராஜாங்கம், பி.எஸ்சி., பி.டி." என்று பொறுமையாக எழுதினார். "மனைவி" என்பதை அடிக்கக்கூட இல்லை.

செய்தி தெரிந்து அவருடைய அண்ணன் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"பொண்டாட்டி வேலைக்குப் போற எடத்துக்கு பின்னாடியே கப்பலு ஏறுற ஆம்பளைய நான் பாத்ததில்ல தம்பி. ஊருல என்னா பேசுறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ண்ணே. ஸ்கூலு வாத்தியாருங்களே பேசுறாங்க."

"அப்புறம் ஏண்டா?"

"அங்க போயி பண்றதுக்கு எனக்கு ஒரு வேலை இருக்குதுண்ணே. ரெண்டு வருஷம். போயிட்டு வரேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா."

"நான்தான் மாமா முதல்ல சரின்னு சொன்னேன்."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஆனாலும் பம்பாய் போய்க் கப்பல் ஏறினோம்.

2. காலி பெஞ்சுகள்

தான்சானியாவில் எங்களை அனுப்பிய ஊர் ஒரு மலைச் சரிவில் இருந்தது. சுற்றிலும் வாழையும் காப்பியும். பயிற்சிக் கூடம் என்பது தகரம் போட்ட ஒரு கொட்டகை, விறகு போட்டு எரிக்கிற ஒரு சின்னச் சூளை, களிமண் ஊறவைக்கிற நான்கு தொட்டிகள். நான் முதல் நாள் உள்ளே போனபோது பெஞ்சுகளில் பாதி காலியாக இருந்தது.

பிரின்சிபால் நல்ல மனிதர். கண்டிப்பானவர். ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"இவர்களுக்கு இதில் அக்கறை இல்லை, மேடம். மூன்றாவது மாதம் ஆனால் நின்றுவிடுவார்கள். இந்த வருடமும் அப்படியே போனால் வகுப்பை மூடச் சொல்லிவிடுவார்கள்."

"முதல் மூன்று மாதம் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்?"

"களிமண். வெட்டுவது, சுமப்பது, கரைப்பது, சலிப்பது. அஸ்திவாரம் அதுதானே?"

எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நானும் விருத்தாசலத்தில் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

3. தெரு வாத்தியார்

என் கணவர் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நின்றுபோனவர்களைத் தேடிப் போனார். ஜோசப் என்ற மாணவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடப் போவான். ஆரம்பத்தில் யாரும் பேசவில்லை. கூடத்தில் கொடுத்த சட்டையைத் திரும்ப வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. வாழைத்தார் வெட்டுகிற வீட்டில் தார் சுமந்தார். காப்பி பறிக்கிற வீட்டில் கூடை பிடித்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சுவாஹிலியில் சாலைக்குப் பராபரா என்று பெயர். எப்போதும் சாலையிலேயே இருந்ததால் அவரை "பராபரா வாத்தியார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம் ஊரில் சொல்வதானால் தெரு வாத்தியார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். நீமா என்ற பெண்ணின் வீடு. வகுப்பில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்ன பெண். அவள் அம்மா சந்தையில் டீ விற்கிறவர். எங்களுக்குத் தகரக் குவளையில் டீ கொடுத்தார். குவளையைப் பிடிக்க முடியாமல் நான் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணை ஏன் நிறுத்தினீங்க?" என்று என் கணவர் கேட்டார். ஜோசப் அதைச் சுவாஹிலியில் சொன்னான்.

அந்த அம்மா எங்களுக்குப் பதில் சொல்லாமல் மகளிடம் ஏதோ சொன்னார். நீமா எழுந்து போய் ஒரு பாவாடையைக் கொண்டுவந்து விரித்தாள். முழங்கால் வரைக்கும் களிமண் கறை.

"மூணு மாசமா தினமும் இப்படித்தான் வந்துச்சு," என்றார் அம்மா. "மண்ணு சுமக்க எங்க தோட்டமே இருக்குது. படிக்கப் போன பொண்ணு என்ன படிச்சதுன்னு அக்கம்பக்கம் கேட்டா நான் எதைக் காட்டுறது? அது செஞ்சதுன்னு ஒரு சாமான் காட்டுங்க. நாளைக்கே அனுப்புறேன்."

நீமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "எனக்கு நிக்கப் பிடிக்கலை டீச்சர்."

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த என் கணவர் கேட்டார். "இதுவரைக்கும் பாத்த வூடுங்கள்ல முக்காவாசி இதைத்தான் சொன்னாங்க. முதல் வாரத்துலயே அவங்க ஒரு சாமான் செய்ய முடியுமா?"

"சக்கரத்துல முடியாதுங்க. அதுக்குக் கை பழகணும். அச்சுல ஊத்தி எடுக்கலாம். கப்பு செய்யலாம்."

"அப்புறம் என்னா?"

"சூளை வைக்கணும். ஒரு டேர்முக்கு ரெண்டு தடவை எரிக்கத்தான் விறகு குடுக்குறாங்க."

"கேட்டுப் பாரு. இல்லைன்னா இன்னொரு தடவை கேளு."

4. உடைந்த கப்புகள்

பிரின்சிபால் முதலில் முடியாது என்றார். கை பழகாதவர்கள் செய்ததைச் சூளையில் வைத்தால் விறகு வீண் என்றார். நான் மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். கடைசியில், "ஒரு தடவை சூளை எரிப்பது உங்கள் பொறுப்பு. தவறினால் பழைய பாடத்திட்டம்தான்," என்றார்.

அச்சுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டும். கடைகளில் கிடைக்கவில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வைத்திருப்பார்களே என்று பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்கினோம். கைப்பிடி இல்லாத, சுவர் கனமான ஒரு கப்புக்கு அச்சு செய்தேன். சூடு கையில் ஏறாது. கரைத்த மண்ணை அச்சில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் தோல்போலப் பிடிக்கும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே கப்பு நிற்கும். யார் வேண்டுமானாலும் அன்றைக்கே செய்யலாம். ஒவ்வொருவரும் அடியில் தன் பெயரைக் கீறினார்கள். நின்றுபோனவர்களுக்கும் சொல்லி அனுப்பினோம். நீமா இன்னும் இரண்டு பேரோடு வந்தாள்.

சூளையைப் பிரித்த காலை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மேல் அடுக்கு முழுவதும் விரிசல். கீழே ஒரு சில கப்புகள்தான் தேறின. சூளை ஆற வேண்டும் என்பதற்காக இரண்டு நாள் காத்திருந்த பிள்ளைகள் தங்கள் பெயர் உள்ள துண்டுகளைத் தேடி எடுத்தார்கள். யாரும் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிரின்சிபால் வந்து பார்த்தார். "நான் சொன்னேனே, மேடம்."

"மண் சரியில்லை சார். பிள்ளைகள் கை சரியாகத்தான் இருக்கிறது. எல்லாக் கப்பும் ஒரே இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, பாருங்கள். இந்த மண் காயும்போது அதிகமாகச் சுருங்குகிறது. எங்கள் ஊரில் சுட்டு உடைந்த சாமானை அரைத்து மண்ணில் சேர்ப்போம். சுருக்கம் குறையும். இன்னொரு தடவை எரிக்க விடுங்கள்."

"மிச்சமிருக்கிறது ஒரு தடவைக்கான விறகுதான். அது இரண்டாம் வருட மாணவர்களின் பரீட்சைக்கு."

அதை நான் கேட்க முடியாது. என் கணவர்தான் ஜோசப்பைப் பார்த்து, "விறகு நாமே கொண்டுவந்தா சூளையைக் குடுப்பாரான்னு கேளு," என்றார். பிரின்சிபாலுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதையே அந்தச் சமயத்தில் மறந்துவிட்டார். பிரின்சிபால் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சரி என்றார்.

அந்த உடைசலை உரலில் போட்டு இடித்தோம். நாங்கள் கொண்டுபோயிருந்த மல் வேட்டியில் சலித்து, மண்ணில் கலந்து மறுபடி கப்பு வார்த்தோம். என் கை கொப்புளமாகிவிட்டது. விறகு கேட்டு என் கணவர், தார் சுமந்த வீடுகளுக்கெல்லாம் போனார். காப்பிச் செடி கவாத்துச் செய்த கட்டைகள், பட்டுப்போன மரம், ஒரு பழைய கதவு என்று வந்து சேர்ந்தது. சில வீட்டில் இல்லை என்றும் சொன்னார்கள். அவர்களிடமும் அடுத்த வாரம் போய் நின்றார்.

இரண்டாவது தடவை சூளையில் ஏழெட்டுக் கப்புதான் உடைந்தது. நீமாவின் கப்பு தேறியது. அடுத்த சந்தை நாளில் அவள் அம்மா அந்த ஒரு கப்பில்தான் வருகிற ஆளுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தார். கழுவிக் கழுவி ஊற்றினார். குடித்தவர்களிடம் கப்பைக் கவிழ்த்து அடியில் உள்ள பெயரைக் காட்டினார்.

நின்றுபோன எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நீமாவைப்போலச் சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் சேர்ந்தவர்களில் மூன்றாவது மாதம் நின்றவர்கள் மிகவும் குறைவு. வகுப்பை மூடவில்லை. என் கணவர் எழுதிய அறிக்கையைப் பிரின்சிபால் தானே டைப் அடித்து அனுப்பினார்.

5. வேப்பூர் பஸ்

1975-இல் திரும்பினோம். என் கணவரின் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவருக்குத் திட்டக்குடியில்தான் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தார். அண்ணன் எங்களோடு பேசச் சில வருடம் ஆனது. இதையும் சொல்ல வேண்டும், வெளிநாட்டுக்குப் போய் வந்ததில் எல்லாம் லாபம் என்று இல்லை.

நான் பழைய செக்‌ஷனுக்கே போனேன். முதல் வாரத்திலேயே பயிற்சியாளர்களுக்கு அச்சு கொடுக்க வேண்டும் என்று புதிய சூப்பரின்டென்டன்டிடம் சண்டை போட்டு வாங்கினேன். இனி யாரும் நிற்க மாட்டார்கள் என்று நம்பினேன். இரண்டே மாதத்தில் செல்வராணி என்ற பெண் வராமல் போனாள். வேப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தவள். அழகாக ஒரு பூச்சாடி செய்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இங்க உக்காந்து யோசிச்சா எப்படித் தெரியும்?" என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேப்பூர் போனோம்.

செல்வராணியின் அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர். பூச்சாடி அலமாரியில் இருந்தது. உட்காரச் சொல்லிச் சோடா வாங்கிவரச் சொன்னார். ஆனால் முகம் இறுகியிருந்தது.

"பொண்ணு ஸ்கூலுக்குன்னு பொறப்பட்டுப் போவுதுங்க. எங்க ஊரு ஆளு ஒருத்தரு விருத்தாசலம் கோயிலாண்ட பகலெல்லாம் இது உக்காந்திருந்தத பாத்திருக்காரு. ரெண்டு தடவ. ஏன்னு கேட்டா, வாசல் கேட்ட சாத்திட்டாங்கன்னு சொல்லுது. ஸ்கூலுல போயி கேட்ட சாத்துவாங்களா? நான் எதங்க நம்புறது? அதான் அனுப்பல."

செல்வராணி கதவோரம் நின்றிருந்தாள். "பல நாளு மொத பஸ்ஸே வந்து சேர நேரமாவுது டீச்சர். எட்டு மணிக்கு மேல வாட்ச்மேன் உள்ள வுட மாட்டேங்குறாரு. திரும்பிப் போனா அப்பா திட்டுவாரேன்னு கோயில்ல உக்காந்துட்டேன்."

எட்டு மணிக்குக் கேட் சாத்துவது எனக்குத் தெரியும். ஊருக்குள்ளேயே இருந்ததால் அது ஒரு நாளும் என்னைத் தடுத்ததில்லை. கப்பும் அச்சும் சூளையும் இந்த வீட்டுக்குத் தேவையே படவில்லை. அங்கே கண்டுபிடித்ததை இங்கே கொண்டுவந்து வைத்தால் போதும் என்று நான் இருந்துவிட்டேன்.

"பொண்ணு சொல்றது உண்மைங்க," என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "தப்பு எங்க பக்கம்."

திங்கட்கிழமை சூப்பரின்டென்டன்ட், "ஒருத்திக்காக கேட் டயத்த மாத்த முடியாதும்மா," என்றார்.

"அந்த பஸ்ஸுல வர்றவங்க எல்லாருக்கும்தான் சார் கேக்குறேன். மாத்துற வரைக்கும் கேட்டாண்ட நான் நின்னு உள்ள கூட்டிட்டுப் போறேன். எதுன்னாலும் என் பேர்ல எழுதிக்குங்க."

அவர் மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, நிற்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளைய இன்ஸ்ட்ரக்டர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ஒரு பிள்ளை வராமல் நின்றால் காரணம் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். போன தடவை கண்டுபிடித்த காரணத்தையும் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்தார். நான் ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரும்மா வரணும்?" என்றார்.

"வேப்பூர் பஸ்ஸு வரணும்," என்றேன்.

வந்தது. செல்வராணியையும் சேர்த்து ஐந்து பேர் இறங்கி ஓடிவந்தார்கள்.